எட்டா, பத்தா?

பைனாகுலர் கடையில் வைத்தே செக்கரம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கராக இருபத்திரண்டு வருடமாகச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை கண்டுபிடிக்கிறவள் அவள். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. விட்டுப்போன தையல், ஏறி இறங்கிய காலர், தொங்கும் பொத்தான் எல்லாம் அதற்குள் மாட்டியாக வேண்டும். மாட்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான் என்று அவள் புருஷன் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும். கோணலாகத் தைத்ததைக் கோணல் என்று சொல்லாமல் டிசைன் என்றா சொல்ல முடியும்?

புருஷன் அதே தொழிற்சாலையின் பஸ் டிரைவர். காலையில் ஐம்பத்திரண்டு பெண்களைக் கொண்டுவந்து இறக்குவார், செக்கரம்மா உட்பட. மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். இடையில் எட்டு மணி நேரம் வேலை கிடையாது. அந்த எட்டு மணி நேரத்தை ஏழு வருடமாக பஸ்ஸின் கடைசி சீட்டில் கால் நீட்டித் தூங்கிக் கழித்த மனிதர், போன மாதம் ஒருநாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏரிப் பக்கம் என்னென்ன பறவையெல்லாம் வருது தெரியுமா" என்றார். காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கினார். இப்போது பைனாகுலர்.

அவள் சந்தேகப்படக் காரணம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் லாரி கம்பெனியில் அவருக்கு வேலை போயிற்று. போனதை அவர் சொல்லவில்லை. நாற்பது நாள், தினமும் குளித்துச் சட்டை மாட்டி, அவள் கட்டிக் கொடுத்த டிபன்பாக்ஸோடு கிளம்பி, ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு வீடு வந்தார். யாரோ ஒரு பழக்கடைக்காரர் போகிற போக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "நாப்பது நாளா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். பிறகு, "இன்னொரு தடவ எதையாவது மறைச்சீங்கன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வரக் கூடாது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் மானேஜரிடம் போய் நின்று, இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, பஸ் வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

இப்போது கடையின் கண்ணாடி மேஜைமேல் இரண்டு பைனாகுலர்கள் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி. ரொம்ப மலிவும் இல்லை, வாயைப் பிளக்க வைக்கிற விலையும் இல்லை. கனம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், இன்னொன்று பத்து மடங்கு. டிரைவரின் கை பத்தின் மேலேயே இருந்தது.

"பறவைக்குன்னா எட்டே போதும் சார்," என்றார் கடைக்காரர். "பத்துல பெருசாத் தெரியும், இல்லேங்கல. ஆனா பார்க்கிற வட்டம் சின்னதாயிடும். பறவை இந்தக் கிளையிலேர்ந்து அந்தக் கிளைக்குத் தாவுச்சுன்னா நீங்க வானத்துல தேடிக்கிட்டு இருக்கணும். கை ஆடுறதும் பத்து மடங்கு ஆடும்."

"எனக்குப் பத்துதான் தோதா இருக்கும்."

"பத்து யாருக்குன்னா, ஒரே இடத்துல அசையாம இருக்கிறதைப் பார்க்கிறவங்களுக்கு. மலை, கப்பல், கட்டடம், அந்த மாதிரி. நீங்க பறவைதானே பார்க்கப்போறீங்க?"

டிரைவர் பத்தைக் கண்ணில் வைத்து வாசல் பக்கம் திரும்பினார். "எதிர்த்த பக்கம் ஒரு போர்டு இருந்தா, அதுல பொடிசா எழுதியிருக்கிறதுகூடத் தெரியுமா?"

கடைக்காரர் சிரித்தார். "பறவை மேல எதுவும் எழுதியிருக்காதே சார்."

"கால்ல வளையம் மாட்டி விடுறாங்கல்ல. அதுல நம்பர் இருக்கும்," என்றார் டிரைவர், மூச்சு விடாமல்.

கடைக்காரருக்கு மரியாதை கூடிவிட்டது. செக்கரம்மாவுக்கோ சந்தேகம் கூடிவிட்டது. சாதாரணமாக, சாம்பல் நிறச் சட்டை எங்கே என்று கேட்டாலே யோசித்துப் பதில் சொல்கிற மனிதர் இவர். கேட்ட மாத்திரத்தில் பதில் வருகிறது என்றால் அது முன்கூட்டியே தைத்து வைத்த பதில். அசையாமல் இருக்கிற ஒன்று. கட்டடம். கட்டடம் என்றால் ஜன்னல் இருக்கும், ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இருக்கும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தெருவைப் பார்த்து யாரும் பைனாகுலரை முடிவு செய்யக் கூடாது என்பார் கடைக்காரர். அடையாள அட்டையை வைத்துவிட்டு இரண்டையும் எடுத்துப் போகலாம், ஒரு வாரம் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரலாம்.

"அப்ப ரெண்டையுமே எடுத்துட்டுப் போங்களேன்," என்றாள் செக்கரம்மா, தேன் ஒழுகும் குரலில்.

அந்தக் குரலைக் கேட்டு முப்பது தையல்காரிகள் நடுங்கியிருக்கிறார்கள். டிரைவர் நடுங்கவில்லை. சந்தோஷமாக அட்டையை எடுத்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் கழுவப் போயிருந்த நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அம்பத்திரண்டு வயசுல ஒரு ஆம்பளைக்குத் திடீர்னு பறவை மேல ஆசை வருதாக்கும்," என்றாள் அக்கா. "எத்தன மணிக்குப் போறாராம்?"

"பதினோரு மணிக்கு."

"அந்த வெயில்ல எந்தப் பறவைடி வெளிய வரும்? இங்க எங்க மாடியில ரூம் காலியாத்தான் இருக்கு. பெருக்கி வைக்கட்டுமா?"

"அவசரப்படாதக்கா. முதல்ல கையும் களவுமாப் பிடிக்கணும்."

பிடிப்பதற்கு அவள் தன் தொழிலையே நம்பினாள். பைனாகுலரின் நடுவில் ஒரு சக்கரம் இருக்கிறது. கிட்டே இருப்பதைத் தெளிவாகப் பார்க்க ஒரு பக்கம் திருப்ப வேண்டும், எட்டத்தில் இருப்பதற்கு மறுபக்கம். திங்கள் சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும், பத்தை எடுத்து, சக்கரம் நின்ற இடத்தில் சாக்கட்டியால் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு போட்டாள். பிறகு சக்கரத்தை வேண்டுமென்றே கடைசி வரை திருகி வைத்தாள். செவ்வாய் சாயங்காலம் பார்த்தாள். சக்கரம் வந்து அதே கோட்டில் நின்றது. எட்டின் சக்கரத்தை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை.

பறவை கிளையில் உட்காரும், தண்ணீரில் இறங்கும், தலைக்கு மேலே பறக்கும். அதைப் பார்க்கிறவரின் சக்கரம் நாளுக்கு ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? கோட்டில் வைத்தபடியே பால்கனிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தாள். தூரத்து மரமெல்லாம் கலங்கித் தெரிந்தது. எதிர்வீட்டுக் கொடியில் மாட்டிய கிளிப் மட்டும் அதன் துருவோடு பளிச்சென்று தெரிந்தது. அப்படியென்றால் அவர் பார்ப்பது ஒரு தெரு அகலத்தில் இருக்கிறது. தினமும் அதே இடத்தில் இருக்கிறது.

நோட்டை எடுத்தாள். மேலே அழகாக 'பறவைகள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். திங்கள்: கொக்கு இரண்டு, மீன்கொத்தி ஒன்று. அதன் கீழே, வரிசை வரிசையாக: மே, வ, இ, இ, கீ. அடுத்த வரியில் இன்னும் நீளமாக: வ, கீ, மே, மே, இ, வ. இப்படி எட்டு வரி. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் பறவைகள் வேறு, கீழே அதே எட்டு வரி. ஓரெழுத்து பிசகவில்லை.

"மேல, வலது, இடது, கீழ," என்று போனில் அவிழ்த்தாள் அக்கா. "வழிடி அது. மாடி ஏறி, வலது பக்கம் திரும்பி, ரெண்டு தடவ இடது பக்கம் போயி..."

"அப்புறம் திரும்பவும் கீழ இறங்கச் சொல்லுதேக்கா. எட்டு வரிக்கு இப்படியே போனா மனுஷன் ஊர் எல்லையைத் தாண்டிடுவாரு."

"கள்ளத்தனமாப் போறவன் நேர் வழியிலயா போவான்?" என்றாள் அக்கா. செக்கரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழகான பெண் யாராவது இருந்தால்கூட அழுது தீர்த்துவிடலாம் போலிருந்தது. மறுபடியும் அந்த டிபன்பாக்ஸ் நாட்கள் வந்துவிட்டனவோ என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கையால் சோறு கட்டிக் கொடுத்து ஒருவனின் பொய்க்குத் துணை போவதை அவள் இரண்டாம் முறை தாங்க மாட்டாள்.

அன்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் நூல் விட்டுப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம எனக்குப் பாதி நாள் லீவு இருக்கு. நானும் ஏரிக்கு வர்றேனே."

"வெள்ளிக்கிழம வேண்டாம்மா. அன்னிக்கு டிரைவருக்கெல்லாம் வருஷா வருஷம் எடுக்கிற மெடிக்கல் இருக்கு. அடுத்த வாரம் போகலாம்." தட்டைப் பார்த்தே சொன்னார்.

புதன்கிழமை பத்தரைக்கு, தலைவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். அரைப் பொய்தான், தலை நிஜமாகவே வலித்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பைனாகுலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நாற்சந்தியில் ஏரிக்குப் போகிறவர்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் நேரே போனார். கடைகளும் ஆபீசுகளும் இருக்கிற தெருவுக்குள் நுழைந்து, ஒரு நாலு மாடிக் கட்டடத்துக்குள் போனார்.

அவள் பத்து எண்ணிவிட்டு உள்ளே போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகப் படி ஏறினாள். இரண்டாவது மாடியில் படிகள் திரும்புகிற இடத்தில் அகலமான ஜன்னல் இருந்தது. டிரைவர் அங்கே நின்று, பையிலிருந்து பத்தை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

அவள் நின்ற படியிலிருந்தும் தெருவின் அந்தப் பக்கம் தெரிந்தது. எதிர்க் கட்டடத்தில், அதே உயரத்தில், திரை விலக்கிய ஓர் அறை. அதற்குள் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

இவளா, என்றது செக்கரம்மாவின் நெஞ்சு. மறைந்து நிற்க வேண்டும் என்பதே மறந்துபோய் இன்னும் இரண்டு படி ஏறிவிட்டாள். அவருடைய வலது பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், வெட்டவெளிச்சமாக நின்றாள். டிரைவர் பைனாகுலரை இறக்கினார். நோட்டில் எழுதுவதற்காக அவள் பக்கமாகவே லேசாகத் திரும்பினார்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தாள். அவர் எழுதினார். பென்சிலைக் காதில் செருகினார். மறுபடியும் பைனாகுலரைத் தூக்கினார். அவளைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் அவளுடைய இருபத்திரண்டு வருடக் கண் ஒரு குறையைப் பிடித்தது. பைனாகுலரின் முன்பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு கறுப்பு ரப்பர் மூடிகள் உண்டு, பார்க்கிறபோது கழற்றித் தொங்கவிடுகிற மாதிரி. இடது மூடி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலது மூடி கெட்டியாக மூடியிருந்தது. மூடி போட்ட பைனாகுலரை வைத்துக்கொண்டு அவர் எதிர் அறையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி இருட்டு என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

அவள் மறுபடி எதிர் அறையைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளை போர்டு இருந்தது. அதில் மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரு குறி, பெரிதாகத் தொடங்கி வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போயிற்று. சில சீப்புகளின் பல் மேலே பார்த்தது, சிலவற்றின் பல் கீழே. வலது, இடது. மொத்தம் எட்டு வரி. கண் டாக்டரிடம் போன எல்லோருக்கும் தெரிந்த போர்டுதான். பல் எந்தப் பக்கம் என்று சொன்னால் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை டிரைவர்களுக்கு எடுக்கிற மெடிக்கல் இங்கேதான்.

செக்கரம்மா சத்தமில்லாமல் படி இறங்கினாள். தெருவில் வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளப் பார்த்தபோது கால் நுழையவில்லை.

போன ஆறு மாதத்தில் பஸ்ஸின் வலப்பக்கக் கண்ணாடி இரண்டு முறை உடைந்திருந்தது. வாட்ச்மேன் கேட்டைச் சரியாகத் திறக்கவில்லை என்று டிரைவர் சொன்னார், அவளும் போய் வாட்ச்மேனிடம் சண்டை போட்டாள். போன வாரம் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் கத்திக்கொண்டே ஒதுங்கினார். அதற்கும் சைக்கிள்காரரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். ஐம்பத்திரண்டு பெண்கள். அதில் ஒருத்திக்கு ஏழாவது மாதம்.

சாயங்காலம் அவருக்கு முன்னால் டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இன்னிக்கு என்ன பறவை?"

"மீன்கொத்தி. நல்லா கிட்டத்துல."

"எந்தக் கண்ணால பார்த்தீங்க?"

அவர் டம்ளரை ஊதினார். "இது என்ன கேள்வி? ரெண்டு கண்ணாலயும்தான்."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? சொல்லுங்க. ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிக்க மாட்டேன்."

"பருந்து மாதிரி இருக்கு," என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, அந்த டம்ளரை எடுத்து எறியவேண்டும் போலவும் இருந்தது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அவள் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. முன்னால், என்ஜின் பெட்டிமேல், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக அவள் வாய் மூடவில்லை. வலது பக்கம் ஸ்கூட்டர் வருது. வலது பக்கம் ஒரு அம்மா குழந்தையோட நிக்கிறாங்க. கொஞ்சம் மெதுவா.

"அக்கா சீக்கிரம் லைசென்ஸ் எடுத்துடுவாங்க போல," என்று பின்னால் யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தார். ஏன் சொல்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அந்தக் கண் பரிசோதனை அறைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்குத் தொழிற்சாலை டிரைவருங்க வருவாங்கல்ல. அந்தப் போர்டை மாத்தி மாட்ட முடியுமாம்மா?"

"நீங்க யாரு?"

"அந்த பஸ்ல தினமும் போறவ." ஜன்னலைக் காட்டினாள். "அந்தப் பக்கத்து மாடியிலேர்ந்து பார்த்தா இது நல்லாத் தெரியுது."

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், அவளையும் ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் போர்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அதே சீப்புகள், வேறு வரிசையில். "நாளைக்குக் காலையில திருப்பிடுறேன்," என்றாள்.

விஷயத்தை அப்படியே சொல்லியிருக்கலாம். என் புருஷனுக்கு வலது கண் தெரியவில்லை என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். செக்கரம்மா சொல்லவில்லை. இன்னும் ஒரு சாயங்காலம் மீதி இருக்கிறதே, அதற்குள் அவரே வாயைத் திறந்துவிட மாட்டாரா என்று ஏங்கினாள். அன்று சாயங்காலமும் டீ வைத்தாள், உட்கார்ந்தாள், கேட்டாள். நாரை பார்த்தேன் என்றார். சுவர்ப் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே படுத்துவிட்டார். அவர் எதை முணுமுணுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த எட்டு வரியும் இதற்குள் அவளுக்கே மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை அவளும் கூட வந்தாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, வழியில் வேலை இருக்கிறது என்றாள். அறைக்குள் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தாள். டிரைவர் நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு.

"வலது கண்ணு முதல்ல," என்றாள் வெள்ளைக் கோட்டுப் பெண். "இதால இடது கண்ண மூடிக்குங்க. குச்சி எதைத் தொடுதோ அதைச் சொல்லுங்க."

அவள் குச்சியை முதல் வரியில் வைத்தாள்.

"மேல்," என்றார் டிரைவர்.

போர்டில் அது இடது.

"வலது. இடது. இடது. கீழ்." குரல் கணீரென்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். "வலது. கீழ். மேல். மேல்."

வெள்ளைக் கோட்டுப் பெண் குச்சியை நகர்த்துவதை நிறுத்தினாள். செக்கரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது வரி பாதியில் இருக்கும்போதே குச்சியைக் கீழே இறக்கி, மேஜைமேல் வைத்துவிட்டாள்.

டிரைவருக்கு அது தெரியவில்லை. "இடது. வலது," என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது வரி. நான்காவது வரி. குச்சி நகர்வதாக நினைத்து நடுநடுவே ஒரு மூச்சு இடைவெளி வேறு விட்டார், யோசித்துச் சொல்கிற மாதிரி. பொடிக் குறிகள் வந்தபோது கஷ்டப்பட்டுப் பார்ப்பதுபோலக் கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அதையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. செக்கரம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. இத்தனை நாள் பிடிக்க வேண்டும் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு, பிடித்த பிறகு அந்த மனிதரைப் பார்க்கவே சகிக்கவில்லை.

எட்டாவது வரியையும் முடித்துவிட்டு அவர் கேட்டார். "சரியா இருக்கா?"

"குச்சி கீழ இறங்கி ரொம்ப நேரமாச்சுங்க," என்றாள் செக்கரம்மா.

அவர் இடது கண்ணிலிருந்து மறைப்பை எடுத்தார். நல்ல கண்ணால் போர்டைப் பார்த்தார், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாக. மேஜைமேல் கிடந்த குச்சியைப் பார்த்தார். பிறகு முழுத் தலையையும் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நீயா மாத்தச் சொன்ன?"

"நான்தான்."

"எப்பத் தெரியும்?"

"புதன்கிழம. அந்த மாடிப்படியில. உங்க பக்கத்துலதான் நின்னேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. "ரெண்டு நாளா எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் செக்கரம்மா சொன்ன அதே வாக்கியம், நாட்கணக்கு மட்டும் வேறு. எத்தனை பேருடைய கோணலைக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், அவளுடையதை யாரும் அப்படிக் கையில் கொடுத்ததில்லை.

வெள்ளைக் கோட்டுப் பெண் தாளில் எழுதினாள். இந்தக் கண்ணை உடனே பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், பார்வை திரும்புமா என்பதை அவர்தான் சொல்ல முடியும் என்றாள். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. டிரைவர் தாளை நான்காக மடித்தார். தொழிற்சாலைக்குப் போனதும் அவரே மானேஜர் அறைக்குள் போய், அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். செக்கரம்மா வெளியே நின்றாள். பொறுப்பேற்றவள் என்ற முறையில் உள்ளே போக அவளுக்கு முகம் இல்லை. சாவியை மேஜையில் வைக்கிற சத்தம் வெளியே கேட்டது. ஆறு மாதமாச்சு, சொல்லியிருக்கணும் என்று அவர் சொல்வதும் கேட்டது. வேறு வேலை பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றார் மானேஜர். வேறு வேலை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மானேஜரின் கார் ஓட்டுகிறவர் பஸ்ஸை எடுத்தார். மற்ற ஐம்பத்தோரு பெண்களும் ஏறி, பயணிகள் சீட்டில் உட்கார்ந்திருக்கிற டிரைவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தங்கள் இடத்துக்குப் போனார்கள். யாரும் லைசென்ஸ் ஜோக் அடிக்கவில்லை. அவர் மடியில் பைனாகுலர் பை இருந்தது. செக்கரம்மா கடைசியாக ஏறி, அவருக்கு வலப்பக்கம் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பையில் போன் அதிர்ந்தது. அக்காவாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"அக்கா வீட்டுக்கு எப்பக் கிளம்புற?" என்று அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நாளைக்குக் கடைக்குப் போகணும். பத்தைத் திருப்பிக் குடுக்கணும்."

"எட்டு?"

"அது இருக்கட்டும். காலையில ஆறு மணிக்கு ஏரியில நிஜமாவே பறவை வருதாம். கடைக்காரர் சொன்னாரு."

அவர் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் உக்காந்தா நீ எனக்குத் தெரிய மாட்ட," என்றார். அவள் வாழ்க்கையில் அவரிடமிருந்து கேட்டதிலேயே அதைச் சொல்லத்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்திருந்தது.

"தெரியணும்னா திரும்புங்க," என்றாள் செக்கரம்மா.

அவர் திரும்பினார்.